ஆளுக்கு ஒரு இஞ்ச்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். காலமெல்லாம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். சுவரில் காலண்டர் மாட்டச் சொன்னால்கூட மட்டம் பார்க்கிற குழாயைத் தேடுவார். சட்டைப் பொத்தான் ஒரு நூல் தள்ளியிருந்தால் கழற்றித் திரும்பக் கொடுப்பார். அதுவும் யாரிடம்? தையல்கடை வைத்திருக்கிற என்னிடம்! கல்யாணமான புதிதில் ஊசியை எடுத்து அவர் கையிலேயே குத்திவிடலாமா என்று எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது.

அப்படிப்பட்ட மனுஷன் செய்த ஒரு வேலையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்களிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கிறது. எங்கள் மகளைவிட வயதில் மூத்தது. துணிக்கட்டுகள் பின்னால், நான் முன்னால், இப்படித்தான் தினமும் கடைக்குப் போவோம். உயரமான வண்டி. கதவைப் பிடித்து ஒரே எம்பு, சீட்டில் இருப்பேன். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதோடு அந்த எம்பு போயிற்று. ஆபரேஷன் செய்து உள்ளே இரும்பு வைத்தார்கள். கைத்தடி ஊன்றி நடக்க முடிந்தது. காலை அவ்வளவு உயரம் தூக்கத்தான் முடியவில்லை.

முக்காலி போட்டுப் பார்த்தார்கள். முக்காலி ஆடியது, நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஓடிவந்தார். பிறகு மகள் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கமாக என்னைத் தூக்கி வைத்தார்கள். ஊருக்கே அளவெடுத்துத் தைத்தவளை மூட்டை மாதிரி நடுத்தெருவில் தூக்கினால் எப்படி இருக்கும்? எனக்கு மானமே போய்விட்டது.

அன்றைக்கே மகள் கடைச் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"யாரும் தொடாம நீயா ஏறி, நீயா இறங்கிக் காட்டு. சாவிய தரேன். இல்லேன்னா மெஷினை எல்லாம் வித்துடலாம்மா. இன்னொரு தடவை நீ விழுந்தா என்னால தாங்க முடியாது."

அவள் பயம் அவளுக்கு. ஆனால் கடை இல்லாவிட்டால் நான் யார்? ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருத்தி. கடைக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இன்னொரு கால்தான் வலிக்கிறதே!

மறுநாள் பார்த்தால் வண்டி முற்றத்தில் ஜாக்கி மேல் நிற்கிறது, சக்கரம் நாலும் சுவரோரம் கிடக்கிறது.

"ஏங்க, என்னங்க இது?"

"உன்னால வண்டியில ஏற முடியல. அதான் வண்டிய உன்கிட்ட இறக்கிட்டு வரேன்."

எலக்ட்ரீஷியனுக்குக் கேட்கவா வேண்டும்? "என்ன மில்லிமீட்டர் அண்ணே, சின்னப் பசங்க மாதிரி வண்டிய தரையோட தரையா ஓட்டப்போறீங்களா? யாரை மயக்க இந்த ஸ்டைலு? அக்காவுக்குத் தெரியுமா?"

"அவளைத்தான்" என்றார் இவர், தலையைத் தூக்காமலே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் பங்கு வேலை அளவு. வீட்டிலிருந்த நாற்காலி, கட்டில், ஸ்டூல் ஒன்றுவிடாமல் உட்கார்ந்து எழுந்து, எந்த உயரம் எனக்குத் தோதோ அதை டேப்பால் அளந்தேன். வண்டி சீட்டையும் அளந்தேன். நாலு இஞ்ச் இறக்கச் சொன்னேன். முன்பக்கம் குட்டையான சுருள் ஸ்பிரிங் போட்டார். பின்னால் அச்சுக்கும் அதற்குக் கீழே இருக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே வைக்க இரும்புக் கட்டை அவரே செய்தார். பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு கைப்பிடியும் கடைந்து மாட்டினார். அதற்கு மிச்சத் துணியில் உறை தைத்தேன். அதில் ஒரு நூல் பிசகு கண்டுபிடித்தாரே, அந்தச் சண்டை தனி.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். முற்றத்தில் எல்லோரும் தள்ளி நின்றார்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன், உட்கார்ந்தேன், ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தேன். அவ்வளவுதான். ஒரு விரல் என் மேல் படவில்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஏறியாச்சு. தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்து இறங்கு, பாக்கலாம்" என்றாள் மகள்.

இவர் வண்டியைக் கேட்டை நோக்கி ஓட்டினார். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலில் இவர் கட்டிய சிமெண்ட் மேடு ஒன்று உண்டு. முன்சக்கரம் தாண்டியது. அப்புறம் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். வண்டியின் வயிறு மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. பாதி தெருவில், பாதி வீட்டில்.

இவர் இறங்கித் தரையில் படுத்துப் பார்த்தார். "ஒரு இஞ்ச் அதிகமாயிடுச்சு போல" என்றார்.

"அதிகமா? நான் நாலுதானே சொன்னேன்?"

"நீ என்னிக்கு வலிய உள்ளபடி சொல்லியிருக்கே? பத்து வலிச்சா ரெண்டுன்னு சொல்றவ. நாலுன்னா அஞ்சா இருக்கும்னு அஞ்சு இறக்கினேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ! எனக்கு மூணே போதும்ங்க. கேட்டதுல கொஞ்சம் பிடிச்சுக்கிட்டுத்தானே குடுப்பீங்கன்னு நாலுன்னேன்!"

"மூணா? மூணுக்கா நான் அஞ்சு இறக்கினேன்?" வாழ்க்கையில் முதல்முறையாக அளவு தப்பிய மனுஷன், பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அஞ்சுன்னாலும் தாண்டியிருக்கும். காலி வண்டிய அளந்துதான் பாத்தேன். நீ உக்காந்ததும்தான் இன்னும் இறங்கிடுச்சு."

"என்னது? என் உடம்பா காரணம்?"

வந்ததே கோபம்! கதவைத் தள்ளித் திறந்தேன். "நகருங்க, நானே பாக்கறேன்! மேட்டைக் கோணலா கட்டிட்டு என்னைச் சொல்ல வந்துட்டாரு!" வண்டியைச் சுற்றி முன்பக்கம் போய், பானெட்டில் ஒரு கை ஊன்றிக்கொண்டு இன்னும் என்னென்னவோ கத்தினேன். எலக்ட்ரீஷியன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அம்மா" என்றாள் மகள், மெதுவாக. "உன்னை யாரும்மா இறக்கிவிட்டா?"

திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்து கிடந்தது. கைத்தடி சீட்டிலேயே இருந்தது.

இவர் படுத்தபடியே தலையை வெளியே நீட்டி என் கால்களைப் பார்த்தார். அப்புறம் முகத்தை. கண் கலங்கியிருந்தது. "கிரீஸ் பட்டுடுச்சு" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சத்தம் போட்டு அழுதேன், அங்கேயே, தெருவில். மானமாவது ஒன்றாவது!

மகள் கைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்து என் கையில் வைத்து மூடினாள்.

பலகை கொடுத்து வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். இவர் எல்லாவற்றையும் கழற்றி, ஆளுக்கு ஒரு இஞ்ச் விட்டுக்கொடுத்து, சரியாக மூன்றில் நிறுத்தினார். இந்தத் தடவை என்னை உட்காரவைத்து அளந்தார். வாயைத் திறக்கவில்லை, பிழைத்தார்.

இப்போது தினமும் கடைக்குப் போகிறேன். வண்டி நின்றதும் இவர் சுற்றிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டுகிறார்.

"தள்ளி நில்லுங்க, நானே இறங்கிப்பேன்" என்கிறேன்.

தள்ளித்தான் நிற்கிறார். ஆனால் என் இரண்டு காலும் தரையில் ஊன்றும்வரை அந்தக் கையை மட்டும் மடக்குவதில்லை.