மிஷினிடம் சொன்ன சேதி

மத்தியானச் சோற்றைத் தட்டில் போட்டதும் மதன்குமார் சாப்பிட ஆரம்பிப்பதில்லை. போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, வாட்ஸ்அப்பில் தெற்குத் தெருக் குழுவைத் திறந்து, 'அண்ணே, சாப்ட்டீகளா?' என்று அனுப்புவான். சோறு ஆறும்வரை பார்த்திருப்பான். பதில் வராது. பிறகு அள்ளிப் போட்டுக்கொண்டு, திருச்சுழியில் இருக்கும் தன் செல்போன் கடைக்குப் பைக்கை எடுப்பான்.

கோயில் பொங்கலில் எந்தத் தெருப் பானை முதலில் பொங்குவது என்று கிளம்பிய சண்டையில் ஊர் இரண்டாகிப் போனது. வடக்குத் தெருக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவை விட்டு மொத்தமாகக் கிளம்பி டெலிகிராமுக்குப் போனார்கள். அண்ணன் இருளப்பசாமி பெண் எடுத்த தெரு அது, அவரும் போனார். தம்பியோடு பேச்சும் நின்றது. ஆனால் தண்ணீர் லாரி வரும் நேரமும் யாராவது செத்தால் துட்டிச் சேதியும் இரண்டு தெருவுக்கும் பொதுவல்லவா? அதற்காக மதன்குமார் ஒரு 'பாட்' நிரல் அமைத்தான். இந்தக் குழுவில் போடுவதை அந்தக் குழுவுக்கும், அங்கே போடுவதை இங்கேயும், போட்டவர் பெயரோடு அது கொண்டு சேர்க்கும். ஊர் அதற்கு வைத்த பெயர் மிஷினு.

பேச்சு முறிந்தவர்கள் ஆட்டிடமோ அடுப்பிடமோ சொல்வதுபோல எதிராளிக்குச் சேதி சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். இப்போது மிஷினிடம் சொல்கிறார்கள்.

"ஏ மிஷினு, தெக்குத் தெருவுல சொல்லு, அவுக வெள்ளாடு எங்க கொல்லையில நிக்கிது."

"ஏ மிஷினு, கட்டிப் போடச் சொல்லு, வாரேன்."

ஊரையே பேச வைத்த மகராசனுக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், தானே பொங்கித் தின்கிறான். அண்ணன் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று ஏங்கிக் கிடந்தான். ஆனாலும் வடக்குத் தெருக் குழுவுக்குள் எட்டிப் பார்ப்பது முறையில்லை என்று அதில் சேரவில்லை.

போன வாரம் மதினி ஈஸ்வரி, சார்ஜ் ஏறாத போனோடு கடைக்கு வந்தாள்.

"ஊர்ச் சேதி பூரா வருது தம்பி. ஒங்க பேருல மட்டும் ஒண்ணும் வரலையே. ஒங்கண்ணன் தெனமும் பாத்துட்டுப் போனக் கீழ வச்சுர்றாக."

"தெனமும் போடுறேன் மதினி."

"ஒண்ணுகூட வரல தம்பி."

மிஷின் கொண்டுவந்து போட்ட சேதியே திரும்பப் போய் ஓயாமல் சுற்றக் கூடாதென்று, மிஷின் ஓடும் போன் எண்ணிலிருந்து போடுவதை மட்டும் எடுத்துச் செல்லாதே என்று ஆரம்பத்தில் எழுதி வைத்தவன் அவன்தான். மிஷின் ஓடியதோ அவனுடைய சொந்த எண்ணில். ஊரார் பேச்செல்லாம் போய்ச் சேர்ந்தது, அவன் பேச்சைத் தவிர. அன்றே வேறொரு எண்ணுக்கு மிஷினை மாற்றினான்.

மறுநாள் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் போனைத் தொடத் தைரியம் வந்தது. 'அண்ணே' என்று எழுதினான். அழித்தான். 'டெஸ்ட்' என்று அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் இருளப்பசாமி பெயரில் ஒரு வரி வந்தது.

'ஏ மிஷினு, மணி ரெண்டாச்சு. அவனச் சாப்பிடச் சொல்லு.'

மதன்குமார் கவிழ்த்த தட்டை நிமிர்த்தி, மிச்சச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.