கான்பெராக்காரி நோலீன்

நோலீன் டகன் ஆஸ்திரேலியாவின் தலைநகரமான கான்பெராவில் பஸ் ஓட்டுகிறவள். இளம் வயதில் தட்டச்சு வேலைக்காகப் பூரோவா என்ற நாட்டுப்புற ஊரிலிருந்து அங்கே போனாள். நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தச்சு வேலை செய்த டெரியைக் கல்யாணம் செய்துகொண்டு கம்பா என்ற புறநகரில் ஒரு செங்கல் வீட்டில் குடியேறினாள். அதற்குப் பிறகு அவள் செய்த பாவம் என்னவென்று கேட்டால், அந்த ஊரை விட்டு நகராமல் இருந்ததுதான்.

அவளுடைய தம்பி கிளைவ் பூரோவாவிலேயே தங்கி அப்பாவின் செம்மறிப் பண்ணையைப் பார்த்துக்கொண்டான். நல்லவன்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் நடக்கும் அத்தனைக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எப்படியோ முடிவு செய்திருந்தான். கம்பளிக்கு அரசு கொடுத்துவந்த தாங்குவிலை நின்றுபோன வருஷம், கிறிஸ்துமஸ் விருந்தில் ஆட்டுக்கறித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "உங்க கான்பெரா என்னைக் கொன்னுடுச்சு" என்றான். அன்றைக்குத் தான் வோடன் நிலையத்துக்கும் பெல்கானனுக்கும் நடுவே பஸ் ஓட்டிக்கொண்டிருந்ததாக அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மக்கள் கையிலிருந்த துப்பாக்கிகளை அரசு சட்டம் போட்டு வாங்கிக்கொண்டபோதும் அவள்தான் குற்றவாளி. வறட்சிக்கும் கிட்டத்தட்ட அவள்தான்.

அவளுக்கும் அந்த அரசுகளால் சுகம் ஒன்றும் கிடைத்ததில்லை. 'எங்களுக்குத் தனி ஆட்சி வேண்டாம்' என்று கான்பெரா அடங்கிய தலைநகரப் பிரதேசத்து மக்கள் வாக்களித்துச் சொன்னார்கள். அவளும்தான். பத்து வருஷம் கழித்து, வேண்டாம் என்ற அந்த ஆட்சியையே கையில் கொடுத்தார்கள். முதல் தேர்தலில் வாக்குச்சீட்டு மேசைவிரிப்பு மாதிரி நீளமாக இருந்தது. அதில் தக்காளியின் பேரில்கூட ஒரு கட்சி. டெரி அதற்குத்தான் போட்டான். இதைக் கிளைவிடம் சொன்னபோது, அதனால்தான் நாடு இப்படி இருக்கிறது என்றான்.

மலையைத் தாண்டிக் காட்டுத்தீ வந்த கோடையில் அவள் தெருவில் பல வீடுகள் எரிந்தன. அவளும் டெரியும் கூரைமேல் ஏறித் தண்ணீர் அடித்து வீட்டைக் காப்பாற்றினார்கள். சாலை திறந்ததும் முதல் வண்டியாகக் கிளைவ் வந்து நின்றான். பின்னால் தண்ணீர்த் தொட்டி, மரம் அறுக்கும் ரம்பம், பெட்டி நிறைய ரொட்டி. சில நாள் தங்கி, கருகிய மரங்களை அவள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் அறுத்துப்போட்டான். அறுத்த நேரம் முழுக்கக் கான்பெராவைத் திட்டினான். வீட்டை ஒட்டி மரம் வளர்க்கிற முட்டாள் எவனாவது உண்டா என்று, அந்த மரங்களை ஆசையாக வளர்த்த பக்கத்து வீட்டுக்காரரிடமே கேட்டான். அவர் நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். நோலீன் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

டெரி இறந்து சில வருஷம் கழித்துக் கிளைவுக்கு இதய வால்வு கெட்டுப்போனது. அறுவைச் சிகிச்சைக்குக் கான்பெராவுக்குத்தான் வர வேண்டியிருந்தது. நெஞ்சு எலும்பு கூடும்வரை கார் ஓட்டக்கூடாது, எடை தூக்கக்கூடாது. பண்ணையில் குட்டி போடும் காலம், அவன் மனைவி பாம் அங்கே இருந்தாக வேண்டும். ஆக, ஆளைக் கொண்டுவந்து நோலீனின் பின் அறையில் இறக்கினார்கள்.

முதல் வாரம் மருந்து மயக்கத்தில் கழிந்தது. இரண்டாம் வாரம் வாய் திறந்தது. இந்த ஊரில் ரவுண்டானாவைத் தவிர வேறெதுவும் இல்லை என்றான். கடைத்தெரு எங்கே என்று கேட்டான். இதுதான் கடைத்தெரு என்று அவள் காட்டியதும், மரத்துக்குப் பின்னால் எதற்கு ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றான். பிரதேசத்தில் பாதிக்கு மேல் காடும் மலையும்தான் என்று அவள் சொன்னதற்கு, பிறகு எதற்கு இதைத் தலைநகரம் என்கிறீர்கள் என்றான். இங்கே யாருக்கும் நிலம் சொந்தமில்லை, எல்லாம் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை என்பது அவனுக்குத் தீராத சிரிப்பு. வந்து போகிறவர்களிடமெல்லாம், "எங்கக்கா வாடகைப் புல்லுல உக்காந்திருக்கா" என்றான். பண்ணையில் ஆட்டுத் தீவனத்தைத் தின்றுதீர்க்கிற கங்காருக்கள் இங்கே முன்வாசல் புல்லை மேய்ந்தபோது சன்னலில் நின்று பல்லைக் கடித்தான்.

மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். அது மேக்பை பறவைகள் கூடு கட்டும் மாதம். முதல் நாளே ஒன்று பாய்ந்து வந்து அவன் காதைக் கொத்திவிட்டது. கையைத் தூக்கி விரட்டவும் முடியாது, நெஞ்சில் தையல். ரத்தம் வழியத் திரும்பி வந்தவன் வாசலில் நின்று, "இதுக்கும் அரசாங்கச் சம்பளமா?" என்று கேட்டான். அவள் டெரியின் பழைய சைக்கிள் தலைக்கவசத்தை எடுத்துக் கொடுத்தாள். போடமாட்டேன் என்றான். மறுநாள் போட்டுக்கொண்டு போனான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையிலேயே கிளைவ் நல்ல சட்டை போட்டுத் தயாராக இருந்தான். நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டுமாம். அங்கே இருக்கிறவர்களிடம் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்க வேண்டுமாம். துணி துவைக்கிற நாள் இது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான்.

மெதுவாகப் படியேறி, பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தான். பச்சை இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. ஒருவர் தரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். எல்லாரும் எங்கே என்று அங்கிருந்த காவலரிடம் கேட்டான். நேற்றோடு கூட்டம் முடிந்தது, சாயங்கால விமானத்திலேயே அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள், உங்கள் உறுப்பினரும் உங்கள் தொகுதியில்தான் இருப்பார் என்றார் அவர்.

கிளைவ் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "உங்க ஆளுங்களுக்கு வெள்ளிக்கிழமை வேலையே கிடையாதா?"

நோலீன் குரலை உயர்த்தவில்லை. ஆனால் வருஷக்கணக்காக அடக்கி வைத்தது வந்துவிட்டது.

"எங்க ஆளுங்களா? இங்க இத்தனை நாற்காலி இருக்குல்ல, அதுல எங்களோடது மூணு. மேல்சபையில ரெண்டு. மொத்தம் அஞ்சு பேரு. மிச்சம் எல்லாரையும் நீங்கதான்டா பொறுக்கி எடுத்து அனுப்புறீங்க. வந்து கத்திட்டு, வியாழக்கிழமை ஓடிப் போயிடறாங்க. திட்டு மட்டும் நான் வாங்கறேன். நான் பஸ் ஓட்டறவ, கிளைவ்."

அவன் மெல்ல எழுந்தான். பசிக்கிறது என்றான்.

சிற்றுண்டிச்சாலையில் பக்கத்து மேசையில் குயின்ஸ்லாந்திலிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயி. நீங்கள் உள்ளூரா என்று நோலீனைக் கேட்டார். ஆமாம் என்றாள். உடனே ஆரம்பித்தார். உங்களுக்கெல்லாம் வெளியுலகம் தெரியாது, எங்கள் வரிப்பணத்தில் ஏரி வெட்டிப் படகு விடுகிறீர்கள் என்றார். நோலீன் தம்பியைப் பார்த்தாள். அவன் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டான்.

"அதை ஏன் கேக்குறீங்க" என்றான் கிளைவ். "சொந்தமா ஒரு முழம் நிலம்கூட இல்ல இவங்களுக்கு. ரவுண்டானா மட்டும் போதும்."

இருவரும் ஒருவரையொருவர் வெகு நாள் தேடியவர்கள் மாதிரி பேசத் தொடங்கினார்கள். அவள் டீயைக் குடித்து முடித்தாள். எழுந்தாள். காருக்கு வந்து, கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய், துணியைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். அதன் பிறகுதான் திரும்பிப் போனாள்.

கிளைவ் நாடாளுமன்ற வாசலில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. அவள் பயந்துபோனாள், கோபம் மட்டும் குறையவில்லை. கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினாள். பாதி வழி வந்ததும், "அந்தாளு உன்னை அவ்வளவு பேசியிருக்கக் கூடாது" என்றான். நீ பேசியது என்ன என்று அவள் கேட்டாள். "நான் உன் தம்பி. நான் பேசலாம்."

அவள் அடுத்த ரவுண்டானாவைச் சுற்றி வண்டியை ஓட்டினாள்.

தேறி ஊருக்குப் போனவன் அடுத்த குளிர்காலத்தில் போன் செய்தான். ஆடுகளை இனி அவனால் சமாளிக்க முடியாது. மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பாம் பிடிவாதம் பிடிக்கிறாள். பண்ணையை வாங்க ஆள் கிடைத்துவிட்டது. கம்பாவில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள், நோலீன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இதையெல்லாம் அவன் சாவுச் செய்தி சொல்லும் குரலில் சொன்னான்.

நோலீன் போனைப் பிடித்தபடி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். சிட்னி இருக்கிறதே, ஆல்பரியில்கூட நல்ல மருத்துவமனை உண்டே என்று எடுத்துச் சொன்னாள். பாம் கேட்கமாட்டாள் என்றான்.

இப்போது தினமும் மாலை அவள் வேலை முடிந்து வரும்போது கிளைவ் அவள் வாசலில் காத்திருப்பான். பக்கத்துப் பூங்காவில் புல் வெட்டவில்லை, குப்பைவண்டி சீக்கிரம் வந்துவிட்டது, நேற்று நாடாளுமன்றத்தில் இன்னார் இப்படிப் பேசினார் என்று ஆரம்பிப்பான். அவள் செருப்பைக் கழற்றி, கெண்டியை அடுப்பில் வைத்து, இரண்டு கோப்பை எடுப்பாள். சில நாள் அவன் சொல்வதில் நியாயமும் இருக்கும். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல்.