ஒரு மாட்டுக்கு ஒரே தேதி

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைப்பாதை தொடங்குகிற இடத்தில், கடைசி டீக்கடையில் வண்டியை நிறுத்துவார் பொன்னுரங்கம். டீ வருவதற்குள் அவர் செய்கிற முதல் காரியம் செல்போனில் நெட்டை அணைப்பது. "மேல போனா டவரத் தேடித் தேடியே சார்ஜ் போயிடும். எதுக்குத் தண்டமா?" என்பார். கேட்க ஆள் இல்லாவிட்டால் பெஞ்சைப் பார்த்துச் சொல்வார். ஆறு வருஷமாக இந்தச் சிக்கனம். கடைசியில் அதுதான் மனுஷனைக் கவிழ்த்தது.

பொன்னுரங்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். நைனார்பாளையத்துக்காரர். வயது ஐம்பத்து நாலு. அவருடைய சட்டை எதற்கும் இடது கை கிடையாது. தோள்வரை உறை மாட்டி மாட்டின் உள்ளே விட்டுப் பார்க்கிற கை அது, துணி இடைஞ்சல். புதுச்சட்டை எடுத்த அன்றைக்கே மனைவி கொளஞ்சியம்மாள் அதை வெட்டி மடித்துத் தைத்துவிடுவார். கல்யாணத்துக்குப் போகிற சட்டைக்கும் அதே கதிதான். ஒரு பக்கம் கையும் ஒரு பக்கம் வெறும் தோளுமாக அவர் பந்தியில் உட்கார்ந்திருந்தால் வெளியூர்ச் சம்பந்திகள்தான் முழிப்பார்கள். உள்ளூரில் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது. மாடு நிற்கும். "ஊருக்கு நாலு கொளஞ்சி இருக்குது, எந்தக் கொளஞ்சின்னு எழுதி வெக்கறது? மாட்டப் பேர் சொல்லு" என்பார். செல்போனில் குறிப்பு எழுதுகிற ஆப் ஒன்றை மகள் அபிநயா போட்டுக் கொடுத்திருந்தாள். சேலத்தில் நர்சிங் படிக்கிறவள். அதில் மாட்டுக்கு ஒரு குறிப்பு: ஒடிகொம்பு. வெள்ளைக்குளம்பு. எட்டி உதைக்கும், ஜாக்கிரதை. அதற்குக் கீழே ஊசி போட்ட தேதி, அவ்வளவுதான். ஊசி பிடிக்காமல் மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தினால் திரும்பப் போய்ப் போடுவார். பழைய தேதியை அழித்துவிட்டு, அதே இடத்தில் புதுத் தேதியை எழுதுவார். இரண்டு தேதி இருந்தால் வம்பு என்பது அவர் கட்சி. "ஒரு மாட்டுக்கு ஒரே தேதி. அதுலேர்ந்து ஒம்பது மாசம் பத்து நாளு. அவ்ளோதான் கணக்கு."

முன்பெல்லாம் ஜனங்கள் கொட்டகைச் சுவரில் கரியால் தேதி எழுதி வைப்பார்கள். ஒருத்தர் எழுதியதன்மேல் இன்னொருத்தர் எழுதி, கடைசியில் இவரிடம் சண்டைக்கு வருவார்கள். அதை இவர்தான் நிறுத்தினார். "எழுதாத. செல்லுல இருக்குது, நான் பாத்துக்கறேன்" என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தார். சொன்னபடி பார்த்துக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்ன தேதிக்கு ஈனும் என்றால், அதற்கு முந்தின நாளே ஆள் கொட்டகை வாசலில் நிற்பார்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை அந்த ஆப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. திறந்து பார்த்தால் ஒவ்வொரு குறிப்பும் இரண்டிரண்டாக நிற்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு மாடு அறுநூற்று இருபத்து நாலு மாடாகிவிட்டது. "அடியே, மாடுங்கல்லாம் ரெட்டை போட்டுடுச்சு" என்று கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். அவர் அந்த மாதிரிச் சிரித்து வீட்டில் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

எந்தக் குறிப்பைத் திருத்தியது எந்த நாள் என்று அதற்குமுன் கீழே காட்டும். இப்போது எல்லாவற்றிலும் புதுப்பித்த நாளே நின்றது. சின்னசேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற இளமாறனிடம் கொண்டுபோனார். நாற்பது வயதுக்காரர், கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே பேசுகிறவர். "ஒண்ணு செல்லுக்குள்ள இருக்கறது, இன்னொண்ணு உங்க அக்கவுண்டுல ஏறியிருக்கறது. புதுசு ரெண்டையும் காட்டிக்கினு இருக்குது. செல்லுல இருக்கறத அழிச்சிட்டா ஒண்ணாயிடும்ணா. ஆனா ரெண்டும் ஒண்ணான்னு ஒரு தபா பாத்துட்டு அழிங்க."

பார்க்காமல் இல்லை. இரண்டு நாள் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நாற்பது ஜோடி பார்த்தார். ஒரு தேதிகூட மாறவில்லை. அவர் பார்த்ததெல்லாம் நைனார்பாளையமும் சுற்றுப்பட்டும், அடிக்கடி போகிற மாடுகள், பட்டியலில் மேலே நின்றவை. மலை மாடுகள் அடியில் கிடந்தன. நாற்பது சரியென்றால் மற்றதும் சரிதானே என்று செல்லுக்குள் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒரே மூச்சில் அழித்தார். அழித்தது முப்பது நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றது ஆப். பொன்னுரங்கம் குப்பை வைத்துக்கொள்கிற ஆளா? கையுறையைக்கூட வேலை முடிந்த இடத்திலேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டு வருகிறவர். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார்.

மூன்றாவது வாரம் மலைமேல் சேராப்பட்டுப் பக்கம் ஒரு மாடு அவர் தேதிக்கு ஈனவில்லை. இருபத்தொரு நாள் கழித்து, அவர் இல்லாதபோது ஈன்றது. தாயும் கன்றும் பிழைத்தன. ஊசி பிடிக்காத மாடு மறுபடி கத்துவதும் இருபத்தொரு நாளில்தான். அபிநயாவைக் கூப்பிட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நெட்டு இல்லாத எடத்துல நீ திருத்துனது எதுவும் அக்கவுண்டுக்குப் போவலப்பா. புதுசா எழுதுனது மட்டும் அப்புறமா போயிருக்குது. திருத்துனதெல்லாம் செல்லுக்குள்ளயே இருந்திருக்குது" என்றாள்.

"செல்லுக்குள்ள இருந்தத?"

"அதத்தாம்பா நீ அழிச்சிட்ட."

கீழே ஊர்களில் திருத்தம் எழுதுவது சாயங்காலம் வீட்டில், நெட்டு ஓடும்போது. மலையில் மட்டும், இறங்குவதற்குள் மறந்துவிடுமென்று மாட்டின் பக்கத்திலேயே நின்று எழுதுவார். அதுவும் நெட்டை அணைத்துவிட்டு. மலை மாடுகள் நாற்பத்து மூன்று. அதில் எதெல்லாம் இரண்டாம் ஊசி போட்டது, எதன் தேதி பொய், ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து பொன்னுரங்கம் சாப்பிடும்போதும் இடக்கையால் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பார். "ரெண்டா இருந்தப்ப அறிவு எங்க போச்சு" என்று சோற்றைப் பார்த்துக் கேட்பார். கொளஞ்சியம்மாள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றுவார்.

நாற்பத்து மூன்றில் ஒன்று நெத்திச்சுட்டி. கரியாலூரைத் தாண்டி, வண்டியை விட்டுவிட்டு அரை மணி நடக்கிற குடியிருப்பில், ராணியம்மாள் வளர்த்த, முதல் ஈற்றுக்கு நிற்கிற கிடாரி. புருஷன் இல்லாதவர், கூலி வேலைக்காரர். வருஷா வருஷம் மார்கழியில் அந்தக் குடியிருப்பே கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விடும், பங்குனியில்தான் திரும்பும். கண் மங்கிய தகப்பன் அம்மாசியைத் தனியாக விட்டுவிட்டுத்தான் அவரும் போவார். கிடாரி ஈன்றால் பால் இருக்கும், பால் இருந்தால் இந்த வருஷம் போக வேண்டாம். அவர் வேண்டியது அந்த ஒன்றைத்தான். ஆடி மாதமே, மிளகுக்கு ஆள் எழுதிக் கூட்டிப்போகிற மேஸ்திரியிடம் "எம்பேர எழுதாதீங்க" என்று சொல்லியும்விட்டார்.

திரையில் நெத்திச்சுட்டிக்கு நின்ற தேதி மார்கழி 28. அப்படியானால் ஐப்பசி எட்டுக்குள் ஈன்றிருக்க வேண்டும். ஐப்பசி பதினாறு ஆகியும் ஈனவில்லை. பொன்னுரங்கம் மழையில் மேலே ஏறினார். மடி இறங்கியிருந்தது, ஆனால் முழுதாகக் கட்டவில்லை. சில கிடாரிக்கு முன்கூட்டியே இறங்கும், சிலதுக்கு ஈனும்வரை இப்படித்தான் இருக்கும். கைவிட்டுப் பார்த்தார். கன்று பெரிதாகத்தான் தட்டுப்பட்டது. குளம்பைக் கிள்ளினார், இழுத்துக்கொண்டது. உயிர் இருக்கிறது. ஆனால் வயது என்ன?

அதே குடியிருப்பில் வேறொரு மாட்டுக்கு மாசி 11 என்று புதுக் குறிப்பு இருந்தது. அன்றைக்கு அவர் அங்கே வந்திருக்கிறார் என்பது நிச்சயம். வந்த நாளில் நெத்திச்சுட்டிக்கும் இரண்டாம் ஊசி போட்டாரா? மாட்டைப் பிடித்தவர் அம்மாசி. ஊரே மிளகுக்குப் போயிருந்ததால் எல்லார் மாட்டையும் அவர்தான் பிடித்தார்.

"பெரியவரே, கொஞ்சம் ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. ஒங்க கிடாரிக்கு ஒரு தபாவா, ரெண்டு தபாவா?"

"நீ வந்த தபால்லாம் புடிச்சன். அந்த வெடியலுக்கு நாலு மாட்டப் புடிச்சன், அஞ்சு புடிச்சன். எதுக்கு எத்தினின்னு நான் இன்னாத்த கண்டன்?" என்றார் அம்மாசி. பிறகு யோசித்து, "செவுத்துல கரி போடட்டான்னு கேட்டன். நீதான் செல்லுல இருக்குது வாணாம்ன" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

குடியிருப்புக்கு மேலே ஒரு பாறை உண்டு. அதில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். அங்கே போய்க் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு, மார்கழியாகவும் இருக்கலாம், மாசியாகவும் இருக்கலாம் என்று இழுத்தார். மழையில் பாதை சரிந்து, டாக்டர் அன்றைக்கு மேலே வர வழியில்லை. "தேதி கரெக்டா சொல்லுங்க பொன்னுரங்கம். மார்கழின்னா கன்னு உள்ளயே ஊதிடும், தாயும் போயிடும், இன்னிக்கே மருந்து போட்டு ஈன வெக்கணும். மாசின்னா தொடாதீங்க, இன்னும் ஒரு மாசம் இருக்குது, இப்ப வெளிய வந்தா பொழைக்காது. எது?"

பொன்னுரங்கம் திரையைப் பார்த்தார். ஒரு மாட்டுக்கு ஒரே தேதி.

"மார்கழிதாங்க சார்" என்றார்.

"சந்தேகம் ஒண்ணும் இல்லியே?"

"இல்லீங்க."

இறங்கி வந்தபோது ராணியம்மாள் கிடாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "செல்லுல இன்னா போட்டிருக்குதுண்ணா?" என்று கேட்டார். மார்கழி என்றார். "அப்ப சரி" என்று ராணியம்மாள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், இவர் கை நின்றிருக்கும் என்று பொன்னுரங்கம் இன்றைக்கும் நினைக்கிறார். பையிலிருந்த மருந்தை எடுத்து ஊசியைப் போட்டார். இறங்கிப் போகவில்லை, அங்கேயே தங்கினார்.

மூன்றாம் நாள் மதியம் கிடாரி ஈன்றது. சிரமமே இல்லாமல் ஈன்றதுதான் முதல் அடி. பத்து நாள் தாண்டிய தலைச்சன் கன்று அப்படி வழுக்கிக்கொண்டு வராது. பெட்டைக்கன்று, நெற்றியில் தாயின் அதே வெள்ளைச்சுட்டி. மயிர் சரியாக முளைக்காமல் தோல் சிவந்து கிடந்தது. குளம்பு விரலுக்கு மெத்தென்று அமுங்கியது. கீழ்த்தாடையில் விரலை விட்டுத் தடவினார், ஒரு பல் இல்லை. முப்பது வருஷ அனுபவம் அந்த ஈறில் தேதியைப் படித்துவிட்டது. மாசி.

வைக்கோலில் போட்டுத் தேய்த்தார்கள். பொன்னுரங்கம் சட்டையைக் கழற்றி அதன்மேல் சுற்றினார். சீம்பாலைத் துணியில் நனைத்து வாயில் வைத்தால் உறிஞ்சத் தெரியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே ஒட்டிக்கொண்டது. வெயில் சாயுமுன் அதுவும் நின்றுவிட்டது. கிடாரி நக்கிக்கொண்டே இருந்தது. அம்மாசி மெதுவாக அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார்.

"தப்பு என்னுதும்மா. செல்லுல தப்பா இருந்துச்சு, அது தப்பா இருக்கலாம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் சொன்னன்" என்றார் பொன்னுரங்கம்.

ராணியம்மாள் திட்டியிருந்தால் தேவலை. கன்றைச் சட்டையோடு ஒரு சாக்கில் வைத்து மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். காலத்துக்கு முந்தி ஈன்ற கிடாரியின் மடியை ஒரு தரம் பீச்சிப் பார்த்தார். சொம்பில் ஒரு விரல் ஆழம்கூடப் பால் வரவில்லை. "மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பணும்" என்றார். "ஆள் எழுதி முடிச்சிட்டாரோ இன்னாவோ. அப்பா, மாட்டப் பாத்துக்க. ஊசிக்காரண்ணன் வந்தா புடிச்சிக் குடு."

பொன்னுரங்கம் வெற்றுடம்போடு பாறைக்கு ஏறினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நெத்திச்சுட்டியின் குறிப்பைத் திறந்து, மார்கழி 28 என்பதை அழித்து, மாசி 11 என்று எழுதினார். நெட்டைப் போட்டார். திருத்தம் அக்கவுண்டுக்கு ஏறுவதற்கான சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது, நிற்கவில்லை. செல்போனை இடக்கையில் மாற்றி, தலைக்கு மேல், கை எட்டுகிற மட்டும் தூக்கிப் பிடித்தார். கீழிருந்து அம்மாசி, "நனையாத தம்பி, எறங்கி வா" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். மழைத்தண்ணீர் விரலிலிருந்து முழங்கை வழியாக அக்குளுக்கு ஓடியது. கையை இறக்கவில்லை.