ரீசார்ஜ் யார் நம்பருக்கு?

ஐம்பது ரூபாய் ரீசார்ஜ் தருகிறோம் என்று சொல்லத் தொடங்கிய முதல் நாளே எங்களுக்குப் பெரிய அடி. அதுவரை ஐந்து கேள்விக்காவது பதில் சொன்னவர்கள், ரீசார்ஜ் என்றதும் லைனைக் கட் பண்ணினார்கள்.

தஞ்சாவூரில் ஒரு ஆய்வு நிறுவனத்துக்காகப் போனில் சுகாதார சர்வே எடுக்கும் வேலை எனக்கு. பிரஷர், சுகர், மாத்திரை பற்றி இருபது கேள்விகள். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். "இன்னைக்கு ரீசார்ஜ்ம்பீங்க, நாளைக்கு ஓடிபி கேப்பீங்க. வைங்க போனை."

அதன்பின் ஓடிபி எதுவும் கேட்கமாட்டோம் என்பதை முதலில் சொன்னோம், ரீசார்ஜைப் பிறகு சொன்னோம். ஆண்கள் பேசினார்கள். பெண்கள் மட்டும் பாதியில் நழுவினார்கள். மாதக் கடைசிக்குள் கடலோரப் பெண்களின் பதில்கள் சேராவிட்டால் அந்தப் பகுதியையே அறிக்கையிலிருந்து எடுத்துவிடுவார்கள். பரிசோதனை முகாம்கள் எங்கே என்று முடிவாவதே அந்த அறிக்கையை வைத்துத்தான்.

அப்போது வேதாரண்யத்தில் மீன் விற்கும் செல்வி கிடைத்தார். கலகலப்பாகப் பேசியவர், ரீசார்ஜ் எந்த நம்பருக்கு என்று கேட்டார். கூப்பிட்ட நம்பருக்குத்தான் என்றேன்.

"இது எங்க வீட்டுக்காரரு போனுங்க. நான் பதில் சொல்லணும், அவரு கிரிக்கெட் பாக்கணுமா? எம் பொண்ணு நம்பருக்குப் போடுங்க, சொல்றேன்."

விதியில் இடமில்லை என்றேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

எங்கள் சூப்பர்வைசர் கலா மேடத்திடம் சொன்னேன். தலைமை அலுவலகம் முதலில் மறுத்தது. ஒரே நம்பருக்குப் பலர் வாங்கிவிடுவார்கள் என்ற பயம். மேடம் விடவில்லை. "வேலை பாக்கறது ஒருத்தங்க, கூலி இன்னொருத்தருக்கா சார்?" என்று கேட்டார். ஒரு வாரம் முயன்று பார்க்க அனுமதி வந்தது.

செல்வியை மறுபடி கூப்பிட்டேன். இருபது கேள்விக்கும் பதில் சொன்னார். பிரஷர் பார்த்ததே இல்லை என்றார். முடிந்ததும், எங்கே பார்ப்பது என்று அவரே கேட்டார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சொன்னேன். மகள் நம்பருக்கு ரீசார்ஜ் போனது.

அந்த வாரம் மற்ற பெண்களும் பேசினார்கள். ஒருவர் தங்கை நம்பர் கொடுத்தார், ஒருவர் கணவர் நம்பரே போதும் என்றார். கடலோரம் அறிக்கையில் இடம்பெற்றது. அடுத்த சுற்றில் செல்வியிடம் பேசியபோது, பிரஷர் அதிகமாக இருந்ததாகவும் தினமும் மாத்திரை போடுவதாகவும் சொன்னார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எவ்வளவு தரலாம் என்று ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், தப்பில்லை. அது யாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதைப் பதில் சொல்கிறவரிடமே கேளுங்கள்.