கொங்கணிக்குச் சென்னை, எனக்கு ஜெய்ப்பூர்

வைட்டிலா சிக்னலில் பஸ் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. களமசேரியில் வகுப்பு முடிந்து, கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி மட்டாஞ்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு டிவி கடையின் தலைக்கு மேல் பெரிய விளம்பரப் பலகை. எட்டு கேப்டன்கள் எட்டு நிறச் சட்டைகளில் கைகட்டி நின்றார்கள். இருபது ஓவர் லீக்கின் முதல் சீசன் தொடங்க ஒரு வாரம் இருந்தது. எட்டு அணி. எங்கள் கிளப்பில் தினமும் கேரம் ஆட வருகிறவர்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். என்னையும் சேர்த்து எட்டுப் பேர்.

அதுவரை எனக்கு ஒரே கவலை. கொச்சிக்கு அணி கிடையாது. உலகக் கோப்பைக் கால்பந்து வந்தால் எங்கள் தெருக்கள் பிரேசில், அர்ஜென்டினா என்று இரண்டாகப் பிரிந்துவிடும். அண்ணனும் தம்பியும் ஒரு மாதம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சூடு இதற்கு எங்கிருந்து வரும்? விட்டால் எல்லோரும் மும்பை என்பார்கள். எல்லோரும் ஒரே பக்கம் நின்றால் யாரோடு சண்டை போடுவது? ஆளுக்கு ஓர் அணி, அதுவும் குலுக்கல் சீட்டில். பஸ் தோப்பும்படி பாலம் ஏறுவதற்குள் விதிமுறைகளைக்கூட முடிவு செய்துவிட்டேன்.

கிளப் என்பது பஜார் ரோட்டுப் பக்கம் ஓர் இஞ்சிக் கிடங்கின் மாடியில் இருந்த ஒற்றை அறை. ஒரு கேரம் பலகை, ஒரு டிவி, ஒரு மினிட்ஸ் புத்தகம். டிவி இல்லாமல்கூடக் கிளப் நடந்துவிடும், மினிட்ஸ் புத்தகம் இல்லாமல் நடக்காது. பல்பு மாற்றுவதற்கும் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குகிற ஊர் இது. என் மலையாளக் கையெழுத்து அழகு என்பதால் நான்தான் செக்ரட்டரி. அன்று சாயங்காலமே தீர்மானம் எழுதினேன். குலுக்கலில் வந்த அணிதான் இறுதி ஆட்டம் வரை. மாற்றிக்கொள்ளக் கூடாது, விட்டுக்கொடுக்கவும் கூடாது. ஜெய்ப்பூர் வந்தவன் மறுநாளே நழுவிவிடுவான் என்ற பயத்தில்தான் அவ்வளவு கடுமை. பேர் தெரியாத பையன்களின் அணி அது, கடைசியில்தான் வரும் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியிருந்தது.

எனக்குச் சென்னை வரும் என்பதில் சந்தேகமே இல்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. எட்டுப் பேரில் நான் ஒருத்தன்தான் தமிழன். சீட்டுக்கு அது தெரியாமலா போகும் என்று ஒரு நினைப்பு.

கேரம் பவுடர் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். செக்ரட்டரி கடைசியில் எடுப்பதுதான் மரியாதை என்று நானே சொன்னேன். ஆறு பேர் எடுத்து முடித்தபோது டப்பாவில் மீதி இரண்டு. ஒன்று சென்னை, மற்றது ஜெய்ப்பூர். ஏழாவது ஆள் ஒரு கொங்கணிப் பையன். செர்லாயில் அவர்கள் வீட்டில் அப்பளம் போட்டு விற்பார்கள். அவன் செஸ் ஆடுகிறவன். எல்பிடபிள்யூ என்றால் என்னவென்று அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. டப்பாவுக்குள் கையை விட்டவன் கூரையைப் பார்த்துக்கொண்டு வேண்டுமென்றே நேரம் கடத்தினான். பிரித்தான். சென்னை.

என் சீட்டை நான் பிரிக்கவே தேவையிருக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் தீர்ப்புச் சொன்னான்.

"பாண்டிக்கு ஒட்டகம், கொங்கணிக்கு இட்லி. அடிபொளி."

தமிழனுக்கு எங்கள் ஊரில் பாண்டி என்று பேர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். படி இறங்கும்போது கொங்கணிக்காரன் என் தோளில் கை போட்டு, "எடா, சென்னை நின்றெ ஊரல்லே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். உண்மையில் சென்னையை நான் டிவியில்தான் பார்த்திருந்தேன். அப்பாவின் முன்னோர் நகராட்சி வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அம்மாவுக்குப் பழனி. மொட்டை போடப் பழனி போனதுதான் நான் பார்த்த தமிழ்நாடு. ஆனாலும் அவன் அப்படிக் கேட்டதும், வீட்டுச் சாவியை வேறொருத்தன் பையில் பார்த்த மாதிரி இருந்தது.

அன்றே கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். அவனுக்கு அதில் அப்போது ஒன்றுமில்லை. ஆனால் எழுதியவனே எப்படிக் கேட்பது? இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அதற்குள் அவன் ஒரு மீட்டர் மஞ்சள் துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான், அம்மாவிடம் சட்டை தைத்துத் தரச் சொல்லி. என் பேண்ட்டின் கால் நீளத்தைக் குறைக்க இரண்டு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். மஞ்சள் சட்டை மறுநாள் காலையில் தயார், காலருடன்.

சென்னை முதல் நாலு ஆட்டமும் ஜெயித்தது. ஜெய்ப்பூர் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. நான் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியதை மறந்து, அவன் வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அப்பளங்கள் பாயில் காய்ந்துகொண்டிருந்தன. அவன் காக்கை விரட்டிக்கொண்டிருந்தான். யாருக்கும் தெரியாமல் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தமிழன் என்ற முறையில், என்று ஒரு வார்த்தையும் சேர்த்தேன். அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

"எழுதியது நீயல்லே?" என்றான். பிறகு, "இனி தரில்லடா. இப்போ எனிக்கு அது வேணும்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவன் மெதுவாகத்தான் சொன்னான், என்மேல் இரக்கப்பட்ட மாதிரி.

அதன்பிறகு அவன் செய்ததெல்லாம் எனக்கு முள்தான். சென்னை ஆடுகிற நாளெல்லாம் கிளப்பை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். தமிழ் பேசுகிற வீட்டில் பார்த்தால்தான் சரியாக இருக்கிறதாம். பாலக்காடு வழியாக வரும் தமிழ்ப் பத்திரிகையைத் தேடி வாங்கி, விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தான். நான் மலையாளம் மீடியம். தமிழ் பேசுவேன், படிப்பதென்றால் அப்போது எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான். இரண்டு வரி தாண்டுவதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்து பேப்பரை வாங்கிக்கொண்டாள். மறுநாள் முதல் அவன் என்னிடம் கேட்கவில்லை, நேராக அடுப்படிக்கே போய், "அம்மே, இன்னிக்கி என்ன போட்டிருக்கு?" என்று நின்றான். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே வாசித்தாள். ஒவ்வொரு வீரனின் பேரையும் அவனைத் திருப்பிச் சொல்லவைத்தாள்.

அவனுக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று ஒருநாள் சிடுசிடுத்தேன்.

"அந்தப் பையன் எவ்வளவு ஆசையா கேக்கறான். நீ இத்தனை வருஷத்துல ஒரு நாளு எங்கிட்ட பேப்பரக் கொண்டாந்து நீட்டிருக்கியா?" என்றாள் அம்மா.

அப்பா இன்னும் மோசம். மாநகராட்சி வேலைக்கு விடிவதற்கு முன் கிளம்புகிறவர், எட்டு மணிக்கே படுத்துவிடுவார். அந்தச் சீசனில் அவர் படுக்கவில்லை. பாயை டிவிக்கு முன்னால் விரித்து, அவனுக்கும் பாதி இடம் விட்டு உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியும் அவன் வரவில்லையென்றால் வாசலை எட்டிப் பார்த்து, நம்ம டீம் பையன் எங்கே என்று கேட்பார். என்னிடம்தான் கேட்பார். நான் அவருக்கு நேர் பின்னால் நாற்காலியில் இருப்பேன்.

இதற்கிடையில் ஜெய்ப்பூர் ஜெயிக்க ஆரம்பித்துவிட்டது. வயசான ஒரு வெளிநாட்டுக் கேப்டன், கேள்விப்படாத பையன்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஜெயித்தார். கிளப்பில் எனக்கு மரியாதை கூடியது. ஒட்டகம் என்று கூப்பிட்டவர்களே சாயா வாங்கிக் கொடுத்தார்கள். வேறு யாராவது அந்த அணியை வைத்திருந்தால் கொண்டாடியிருப்பான். எனக்கு அது பக்கத்து வீட்டுக்காரனுக்கு வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருக்கிற மாதிரி இருந்தது. ஜெயித்த சந்தோஷம் வரும். அவன் மஞ்சள் சட்டையில் படியேறி வருவதைப் பார்த்ததும் போய்விடும்.

இறுதி ஆட்டம் சென்னைக்கும் ஜெய்ப்பூருக்கும் என்றானது. மழைக்காலம் தொடங்கிவிட்டிருந்தது. கிளப்பில் எட்டுப் பேரோடு தெருவில் பாதி. அப்பாவும் வந்தார், முதல் தடவையாக. கொங்கணிக்காரன் அவருக்கு நாற்காலி போட்டு, தான் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டான். என்னை டிவிக்கு நேராக ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் ஒரு சாமந்தி மாலையைப் போட்டிருந்தார்கள்.

கடைசி ஓவர் வரை இழுத்தது. அப்புறம் கடைசிப் பந்து வரை. ஒரு ரன் எடுத்தால் ஜெய்ப்பூர். அந்தப் பந்துக்கு முன்னால் பீல்டர்களை மாற்றி நிறுத்திக்கொண்டிருந்த ஒரு நிமிஷத்தைத்தான் இங்கே எழுத வேண்டும். அதுவரை நான் எனக்கே ஒரு கதை சொல்லி வந்திருந்தேன்: விதிக்காக வாய் ஜெய்ப்பூர் என்கிறது, மனசு சென்னையோடு இருக்கிறது என்று. அந்த நிமிஷம் மனசைப் பார்த்தேன். சென்னை தோற்க வேண்டும் என்று அது வேண்டிக்கொண்டிருந்தது. ஜெய்ப்பூருக்காக இல்லை. அந்த மஞ்சள் சட்டைக்காக. பாயில் பாதி இடத்துக்காக. அவன் கையில் இருக்கும்வரை அந்த அணி நாசமாகப் போகட்டும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, தமிழில்தான் வேண்டினேன்.

பந்தைத் தட்டிவிட்டு ஓடினார்கள். ஜெய்ப்பூர் ஜெயித்தது.

என்னைத் தூக்கிவிட்டார்கள். தலை கூரையில் இடிக்காமல் இருக்கக் குனிந்தபோது அவன் தெரிந்தான். முழங்காலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தான், தோள் குலுங்கியது. அப்பா அவன் முதுகில் கையை வைத்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் சரியில்லை. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. ஒரு கொங்கணிப் பையன் சென்னைக்காக அழுகிறான், என் அப்பா அவனைத் தேற்றுகிறார், நான் மாலையோடு மேலே இருக்கிறேன். அந்த அழுகைமீதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மூன்று நாள் அவன் கிளப்புக்கு வரவில்லை. நாலாம் நாள் குடையை மடக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். சிரித்தான். எனக்கு வாழ்த்துக்கூடச் சொன்னான். பிறகு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். அடுத்த வருஷம் சென்னைக்கே போய், சேப்பாக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டமாவது பார்க்கப் போகிறானாம். பேச்சுத் துணைக்கு என்னையும் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டான்.

"கூட்டிட்டுப் போ கண்ணு. அவனும் இன்னும் பாத்ததில்ல" என்றாள் அம்மா.

அவன் என் பக்கம் திரும்பினான். என் ஊர் என்று நான் சொன்ன ஊர். அவன் முகத்தில் கேலி எதுவும் இல்லை, ஆச்சரியம்தான். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன், மழை அடிக்காத ஜன்னலை.

அன்றிரவுக்குள் முடிவு செய்துவிட்டேன். சென்னை மண்ணில் அவன் கால் படுவதற்கு முன்னால் என் கால் பட வேண்டும். அங்கே ஒரு கல்லூரியில் விண்ணப்பம் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லலாம். மேற்படிப்பு என்றால் அப்பா மறுக்க மாட்டார். எர்ணாகுளத்தில் சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் சென்னை. இறங்கியதும் யாரிடமாவது சேப்பாக்கத்துக்கு வழி கேட்க வேண்டும், இழுக்காமல், மலையாளம் கலக்காமல். ஸ்டேடியம் பூட்டித்தான் இருக்கும். இருக்கட்டும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எதிரே ஒரு கடையில் டீ குடித்துவிட்டு, அன்று சாயங்காலமே திரும்பிவிடலாம். அடுத்த வருஷம் அவனை முன்னால் நடத்திக்கொண்டு, இந்தப் பக்கமாக வா என்று சொல்ல அது போதும். நாளை வகுப்பு முடிந்ததும் சவுத் ஸ்டேஷனில் இறங்கி ரிசர்வேஷன் பாரம் வாங்கிவிட வேண்டியது. அதுவரை அம்மா காதில் விழக் கூடாது. விழுந்தால் அவனுக்கும் சேர்த்து ஒரு பெர்த் போடச் சொல்லிவிடுவாள்.