மூன்றாவது மடை

காலையில் பெரியவன் காரியாபட்டியிலிருந்து பேசினான்.

"அப்பா, நம்ம கம்மாய பத்தி நெட்டு கலைக்களஞ்சியத்துல எழுதுறேன். கூட எழுதுறவரு மூணு மடைங்காரு. எனக்கு ரெண்டுதான் தெரியும்."

"யாரு அவரு?"

"தெரியல. புனைபேருல எழுதுறாரு. தங்கமான மனுசன்."

"மூணுதாண்டா. கெழக்கு மடை நீ பெறக்குமுன்னே தூந்துபோச்சு" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. புதைந்துபோன அந்த மடைக்கல்லை நான் கூட்டிப்போய்க் காட்டியது சின்னவனுக்கு மட்டும்தான்.

மத்தியானம் பந்தல்குடியிலிருந்து சின்னவன் பேசினான்.

"மூணாவது மடைய நம்பாத ஒருத்தரு, இன்னைக்கு விசாரிச்சு ஒத்துக்கிட்டாருப்பா. நன்றி வேற சொல்லிருக்காரு. இப்படி ஒரு ஆளு நம்ம வீட்டுல இல்லையே!"

"சாப்பிட்டியாடா?" என்று பேச்சை மாற்றினேன்.

ஒரு வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷமாகிறது. நல்லது கெட்டதுக்கு இருவருக்கும் நடுவே சேதி சுமந்து எனக்கு அலுத்துவிட்டது. சொன்னால் கம்மாயைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் முகம் தெரியாமலே ஐயா, ஐயா என்று கொஞ்சிக்கொண்டிருப்பார்கள்.

எழுதத் தெரியாத நான் போனில் பேசி, அது எழுதிக்கொடுப்பதைத்தான் இங்கே நெட்டில் போடுகிறேன். சொல்லவா, விடவா? தைரியமாகச் சொல்லுங்கள். அப்பன் போடுவதை அவர்கள் இருவரும் பார்ப்பதில்லை.