சாலையாக வரைந்த ஓடை

நகராட்சி அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மேப்பம்மா. கணினியில் வரைபடம் போடுவது வேலை. இருபத்திரண்டு வருடம் ஒரே மேசை, ஒரு கால் ஆடும் ஒரே நாற்காலி.

கடைசியாக அவரிடம் வந்தது புதிய குப்பைக்கிடங்குக்கு இடம் தேடும் வேலை. மண், சரிவு, கிணறு, வீடு, சாலை, ஓடை என ஒவ்வொன்றையும் தனி அடுக்காக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மதிப்பெண் போட்டார். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் மதிப்பெண் குறையும். லாரி போகச் சாலை இருந்தால் ஏறும். மூன்று மாதம் கண் பூத்துப்போக உழைத்ததில் பதினாறு இடங்கள் தேறின. முதலில் நின்றது ஊருக்கு மேற்கே ஒரு தரிசு. அடுத்த கூட்டத்தில் அதை முடிவு செய்ய இருந்தார்கள்.

அவருக்கு ஒரு பிடிவாதம். இடத்தில் உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடாமல் கையெழுத்துப் போட மாட்டார். கூட்டத்துக்கு முந்தின நாள் ஜீப்பில் அந்தத் தரிசுக்குப் போனார்.

"குப்பை கொட்டுற இடத்துலயா சாப்பாடு? வீட்ல ஏதும் சண்டையா மேப்பம்மா?" என்றார் ஜீப் டிரைவர்.

"இன்னும் கொட்டலையேப்பா. கொட்டினப்புறம் நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

மணல் சாலையின் ஓரம், புதர் நிழலில் டப்பாவைத் திறந்தார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். தலைக்கு மேல் கிளையில் காய்ந்த புல்லும் பிளாஸ்டிக் கிழிசலும் சிக்கியிருந்தன. அடுத்த புதரிலும் அதே உயரத்தில். கிளைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்திருந்தன. கையைக்கூடக் கழுவாமல் மணலைக் கிளறினார். நத்தை ஓடுகள்.

"தம்பி, நாம வந்தது ரோடே இல்ல."

"பின்ன? டயர் தடம் இருக்கே."

"கோடைல லாரி போகுது. மழை வந்தா இது ஓடை."

கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் டயர் தடத்தைப் பார்த்துச் சாலை என்று வரைந்தது வேறு யாருமல்ல, அவரேதான். அந்தத் தரிசை முதலிடத்துக்கு ஏற்றியதும் அந்தச் சாலைதான். ஓடை இறங்கும் இடத்தில் ஒரு குடியிருப்பின் குடிநீர்க் கிணறு. வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. திறந்தால் இத்தனை வருடம் எடுத்த நல்ல பெயர் போகும்.

டப்பாவை மூடினார்.

மறுநாள் கூட்டத்தில் அது சாலை இல்லை, ஓடை என்று அவர் சொன்னதும் பொறியாளரின் முகம் கறுத்தது. "கடைசி நேரத்துல காலை வாருறீங்களேம்மா. யார் போட்ட கோடு அது?"

"நான் போட்டது சார். நானே அழிக்கிறேன்."

எல்லோர் முன்னாலும் அந்தக் கோட்டைச் சாலை அடுக்கிலிருந்து எடுத்து ஓடை அடுக்கில் வைத்தார். கணக்கை மறுபடி ஓட்டினார். தரிசு பதினான்காம் இடத்துக்கு இறங்கியது. பழைய செங்கல் சூளையை ஒட்டிய களிமண் மேடு மேலே வந்தது. தண்ணீர் எளிதில் இறங்காத மண்.

பொறியாளர் திரையில் அந்த மேட்டைத் தொட்டுக் காட்டினார். "அங்க சாப்பிட்டாச்சா?"

"நாளைக்கு சார். நீங்களும் டப்பா கொண்டு வாங்க."

கொண்டு வந்தார். கிடங்கு இப்போது அங்கேதான் இருக்கிறது.

அந்த வருட மழைக்கு முன்பே மேப்பம்மா இறந்துபோனார். இதயம், ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அவருடைய கோப்புகளை ஒழுங்குபடுத்தியது மகள். அவளுக்கும் வரைபட வேலைதான். ஓடைக்கு நேரே குறிப்புக் கட்டத்தில் அம்மா எழுதியிருந்தார்: "மழையில் நேரில் பார்க்கவும்."

முதல் பெருமழைக்கு மறுநாள் போனாள். ஜீப் பாதி வழியிலேயே நின்றது. எதிரே இரு கரையும் தொட்டுச் செம்மண் நீர்.

"இதுலயா பாப்பா நான் வண்டி ஓட்டினேன்?" என்றார் டிரைவர்.

அவள் கரையில் உட்கார்ந்து அம்மாவின் டப்பாவைத் திறந்தாள். முழுதும் சாப்பிட்டாள். பிறகு மடிக்கணினியில் அந்தக் குறிப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: "பார்த்தாயிற்று. ஓடுகிறது."